மொய் எழுத முடியாதவர் கல்யாணத்துக்குப் போகலாமா?

கேள்வி: அம்மா, எனக்கு வயது 52. காவேரிப்பட்டணம் பக்கம். பதினெட்டு வருஷம் மாங்காய் மண்டி வைத்திருந்தேன். கொடுத்தே பழகிய கை. திருவிழாச் செலவு, பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு, யார் வீட்டு விசேஷம் என்றாலும் முதல் ஆளாக நிற்பேன். தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து, இரண்டு பருவம் விலை படுத்ததில் மண்டியை மூடிவிட்டேன். இப்போது இன்னொருவர் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் வீட்டுக்கும் வட்டிக்கும் சரியாகப் போகிறது. போன ஆவணியில் நெருங்கிய நண்பர் மகளுக்குக் கல்யாணம். என் மகள் கல்யாணத்துக்கு 5,001 எழுதியவர் அவர். வெறுங்கையோடு எப்படிப் போவது என்று நான் போகவில்லை. ஒரு வாரம் கழித்து அவரே பலகாரத் தூக்கோடு வீட்டுக்கு வந்தார். உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னேன். காசில்லாதவன் நாலு பேருக்கு என்ன செய்துவிட முடியும்? 'நமக்கே இல்லை, இதில் ஊருக்கு என்ன' என்கிறாள் மனைவி. அவள் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது.

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் மண்டி மூடிய கதை நாலே வரி. பலகாரத் தூக்கு வந்த கதை ஒன்றரைப் பக்கம். இடம் கருதி இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். நண்பர் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, 'அண்ணன் வந்தா சொல்லுங்க அண்ணி' என்று சொல்லிப் போனதை, நீங்கள் உள்ளறையில் ஃபேனை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஃபேனை நிறுத்திய அந்த விவரம் இரண்டு நாளாக என்னை விடவில்லை. ஆவணிப் புழுக்கத்தில், சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாதே என்று ஒரு மனிதர் வேர்த்து உட்கார்ந்திருக்கிறார். வெளியே இருப்பவர் கடன் வசூலிக்க வந்தவரில்லை, அதிரசம் கொண்டு வந்தவர்.

முதலில் மொய்க் கணக்கை முடித்துக்கொள்வோம். தாராள மனசுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. மொய் என்பது நம் பக்கம் கடன்தான். வட்டி கிடையாது, கெடு கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம். பீரோவில் நோட்டுப் போட்டு வைத்திருப்பது எதற்கு? 5,001 வாங்கியிருந்தால் ஒருநாள் அதைத் திருப்பிச் செய்யத்தான் வேண்டும். மனசார வாழ்த்திவிட்டு வந்தாலே போதும் என்று நான் எழுதினால் உங்கள் ஊரே சிரிக்கும், நீங்களும் மேற்கொண்டு படிக்க மாட்டீர்கள். ஆனால் கடன்காரரிடம் எப்படி நடந்துகொள்வது என்பதை மண்டி நடத்திய உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அட்வான்ஸ் வாங்கிய தோட்டக்காரர் நேரில் வந்து, 'இந்த வருஷம் காய்ப்பு இல்லீங்க, அடுத்த பருவத்துல நேர் பண்ணிடறேன்' என்று சொன்னால் அவரை ஒரு மாதிரி நடத்தியிருப்பீர்கள். போனை எடுக்காமல் போனவரை வேறு மாதிரி நடத்தியிருப்பீர்கள். நண்பருக்கு நீங்கள் இரண்டாவது ஆளாகிவிட்டீர்கள்.

அவரிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: 'இப்பக் கையில இல்ல. உங்க மொய் என் நோட்டுல இருக்கு, செய்வேன்.' இதற்காக மீட்டர் வட்டிக்கு வாங்கியோ, மனைவி காதில் இருப்பதைக் கழற்றி வைத்தோ 5,001 எழுதிவிட்டு வந்திருந்தீர்களானால் எனக்கு இன்னும் கவலையாக இருந்திருக்கும். கவரில் 101 வைத்துக் கொடுத்துவிட்டு, மீதியை அவர்கள் வீட்டு அடுத்த விசேஷத்தில் சேர்த்துச் செய்கிறவர்கள் எத்தனையோ பேர். யாரும் அவர்களை ஊரைவிட்டுத் தள்ளிவைக்கவில்லை.

சரி, காசில்லாதவன் என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்கு வருகிறேன்.

கை காலியானதும் நீங்கள் காசை மட்டும் நிறுத்தவில்லை, உங்களையே நிறுத்திவிட்டீர்கள். பங்காளி வீட்டில் துக்கம் விசாரிக்கக்கூடப் போகவில்லை என்று கடிதத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். துக்கம் விசாரிக்க வருகிறவரிடம் யார் காசு எதிர்பார்க்கிறார்கள்? பெஞ்சில் வந்து உட்கார்ந்து, 'எப்ப ஆச்சு, ராத்திரியேவா' என்று கேட்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். அதையும் கொடுக்காமல் வைத்துக்கொண்டீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், கஞ்சத்தனம் என்று நான் எதையாவது சொல்வதானால் இதைத்தான் சொல்வேன்.

நம்மைப் பார்க்க யார் ஆசைப்படப் போகிறார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். அந்த நினைப்பையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பெக்கி லியூ என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் 2022-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பழகியவர் ஒருவரை 'சும்மாதான் விசாரிக்கலாமென்று' தொடர்புகொள்ளும்போது, அது அவருக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதைத் தொடர்புகொள்கிறவர்கள் குறைவாகவே கணக்குப் போட்டார்கள். எதிர்ப்பக்கத்துக்காரர்களுக்கு அதைவிட அதிகமாகவே பிடித்திருந்தது. எதிர்பாராமல் வந்தது என்பதுதான் அவர்களுக்கு அதில் பெரிய சந்தோஷம். அதாவது ஐந்து மாசமாகக் காணாமல் போன நீங்கள் திடீரென்று போய் நின்றால், தினமும் போகிறவரைவிட உங்களுக்கு வரவேற்பு கூடத்தான் இருக்கும்.

நம் பக்கம் கொடை என்று பேச ஆரம்பித்தால் தகடூர் அதியமானை மேடைக்கு இழுக்காமல் விடமாட்டார்கள். நானும் தருமபுரிக்காரிதானே, ஒரே ஒரு முறை இழுத்துக்கொள்கிறேன். தேர், பொன், யானை என்று கொடுத்த அரசன் அவன். ஊருக்கு ஞாபகம் இருப்பது ஒரு நெல்லிக்காய். அதுவும் விலைக்கு வாங்கியதில்லை, மலைப் பிளவில் ஏறிப் பறித்தது.

உங்களிடம் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். 'மண்டியிலேயே கிடந்ததால் தெலுங்கும் கன்னடமும் தண்ணீர் பட்ட பாடு' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியின் விலை உங்களுக்குத் தெரியவில்லை.

ஆலோசகராவதற்கு முன்பு பல வருஷம் நான் ஒரு மருத்துவமனையில் சமூகப் பணியாளராக இருந்தேன். ஒருநாள் அஞ்செட்டி மலைப்பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் தனியாக வந்திருந்தார். கன்னடம் மட்டும்தான் தெரியும். தமிழில் எது கேட்டாலும் தலையை ஆட்டி 'ஆ, ஆ' என்றார். வயிறு வலிக்கிறதா, ஆ. நெஞ்சு வலிக்கிறதா, ஆ. டாக்டருக்கும் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. காலையிலிருந்து அந்த மர பெஞ்சிலேயே, மடியில் ஒரு மஞ்சப் பையோடு, நகராமல் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் இரண்டு மணிக்குமேல் கேன்டீனிலிருந்து டீ கொண்டுவரும் ஆள் அந்த வழியாக வந்தார். தளிக்காரர். அவர் டம்ளர் கம்பியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினார். வலி எங்கே, எத்தனை நாளாக என்று எதுவும் கேட்கவில்லை. 'ஊட்டா ஆய்தா?' என்றார். சாப்பிட்டாச்சா என்று. பெரியவர் அழுதுவிட்டார்.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும் என்று முதல்நாளே யாரோ சைகையில் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரியும் சாப்பிடவில்லை. காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுத்தாகிவிட்டது, இனிமேல் சாப்பிடலாம் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பையில் களி உருண்டை இருந்தது. டாக்டர், நர்ஸ், நான், மூன்று பேரும் அவரைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறோம். சம்பளம் வாங்குகிற எங்களால் முடியாததை டீ கொண்டுவந்தவர் இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டார்.

இது பழைய கதைதான். ஆனால் உங்கள் மாவட்டத்தில் அஞ்செட்டி, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடமும், வேப்பனப்பள்ளி, ஓசூர் பக்கம் தெலுங்கும் மட்டுமே வாயில் வருகிற வயசானவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மருத்துவமனைக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் வங்கிக்கும் அவர்களும்தான் வர வேண்டியிருக்கிறது. இப்போது மாமரம் பூவெடுக்கும் காலம், மண்டியில் வேலை குறைச்சல். வாரத்தில் ஒரு காலை, இரண்டு மணி நேரம், அரசு மருத்துவமனை புறநோயாளிப் பிரிவில் போய் நிற்க முடியுமா என்று பாருங்கள். சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்காதீர்கள், அங்கே இடைத்தரகர் தொல்லையும் உண்டு, உங்களையும் அப்படி நினைத்துவிடுவார்கள். கண்காணிப்பாளரைப் பார்த்து, 'எனக்கு மூன்று பாஷை வரும், சீட்டு எழுதித் தருவேன், காசு வாங்கமாட்டேன்' என்று சொல்லி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சைக்கு வழி இருக்கிறது. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகத் தெரியாமல் நாலு தடவை பஸ் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே தடவையில் முடித்துக் கொடுத்தீர்களானால், ஒரு கூலிக்காரருக்கு மூன்று நாள் கூலியை மிச்சம் பிடித்துக் கொடுத்த மாதிரி.

இன்னொன்று, உங்கள் கையெழுத்து. நாலு பக்கக் கடிதத்தில் ஒரு அடித்தல் இல்லை. பேரேட்டில் எழுதிப் பழகிய கை. கல்யாண வீட்டில் மொய் மேசைக்கு இப்படி ஒரு ஆள் கிடைக்காமல் அவர்கள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறீர்களா? நம்பிக்கையான ஆளாக இருக்க வேண்டும், எழுத்து புரிய வேண்டும், ஆட்களையும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே ஊரில் மூன்று முருகேசன் இருப்பார்கள், எந்த முருகேசன் என்று கேட்டு, தகப்பன் பெயரோ தெருவோ பக்கத்தில் போட்டால்தான் பத்து வருஷம் கழித்து அந்த நோட்டு உதவும். விடியற்காலை உட்கார்ந்தால் பந்தி முடிகிறவரை எழுந்திருக்க முடியாது. கெட்டிமேளம் கேட்கும், அட்சதை போட முடியாது. கடைசியில் நோட்டையும் பணத்தையும் ஒத்துப்பார்த்து, பத்து ரூபாய் இடித்தால் மறுபடி முதலிலிருந்து கூட்டி, ஆறிப்போன சோற்றை மூன்று மணிக்குச் சாப்பிட வேண்டும். இப்போது கம்ப்யூட்டரில் ரசீது போட்டுக் கொடுக்கிறவர்கள் வந்துவிட்டார்கள் என்றாலும், அதற்கும் கூலி கொடுக்க வேண்டும், முருகேசன்களும் குழம்பத்தான் செய்கிறார்கள்.

அடுத்து உங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வரும்போது ஒரு வாரம் முன்பே போய், 'மொய் மேசைக்கு நான் உட்காருகிறேன்' என்று சொல்லுங்கள். 'ஏதாச்சும்னா சொல்லுங்க' என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த வார்த்தையை நாம் எல்லோரும் சொல்கிறோம், கேட்கிறவர் யாரும் அதை நம்பி எதையும் கேட்பதில்லை. என்ன வேண்டும் என்று யோசிக்கிற வேலையையும் அவர் தலையிலேயே கட்டிவிடுகிற பேச்சு அது. இன்ன நாள், இன்ன நேரம், இன்ன வேலை என்று சொன்னால்தான் அவர் 'சரி' என்று சொல்ல முடியும். மற்றவர்கள் எழுதும் தொகையைப் பார்த்து உங்களுக்கு உறுத்துமோ? முதல் கால் மணி நேரம் உறுத்தும். அப்புறம் கூட்டம் வந்துவிடும்.

ரத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. நம் நாட்டில் காசுக்கு ரத்தம் கொடுப்பது 1998 ஜனவரி 1 முதல் தடை. ஆகவே மண்டி நன்றாக ஓடிய நாளிலும் உங்களால் விலை கொடுத்து வாங்கித் தந்திருக்க முடியாத பொருள் அது. 65 வயது வரை கொடுக்கலாம். எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும், ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இன்சுலின் போடுகிறவராக இருந்தால் வேண்டாம், மற்றதை அங்கே பரிசோதித்துவிட்டுச் சொல்வார்கள்.

இனி, செய்யக் கூடாதது. இதை நான் எழுதாமல் விட்டால் என் வேலையைச் சரியாகச் செய்ததாக ஆகாது. கை காலியான, ஆனால் பேர் கெடாத மனிதரிடம் ஜனங்கள் ஒன்று கேட்பார்கள்: கையெழுத்து. 'காசா கேட்கிறேன், ஒரு ஜாமீன் கையெழுத்துதானே அண்ணே.' உங்களைப் போன்றவர்களுக்கு மறுக்க வராது, அதுவும் இப்போது வரவே வராது. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 128-ஆவது பிரிவின்படி, வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரை, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன் போட்டவருக்கும் உண்டு. அவரிடம் கேட்டு முடித்த பிறகுதான் உங்களிடம் வர வேண்டும் என்பதும் இல்லை, நேரே உங்கள் வீட்டுக்கு வரலாம். ஏற்கெனவே வட்டி கட்டிக்கொண்டிருப்பவர் நீங்கள். 'உங்க அக்கவுண்டுல பணம் வரும், எடுத்துக் குடுங்க' என்று யாராவது வங்கிப் புத்தகத்தையோ ஏடிஎம் கார்டையோ கேட்டாலும் இதே பதில்தான். முடியாது என்பதற்குக் காரணம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், காரணம் சொன்னால் அதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள்.

உங்கள் மனைவி சொல்வதையும் நான் தள்ளவில்லை. ஆண்கள் கடிதத்தில் 'காசு செலவில்லாமல் நான் செய்தது' என்று எழுதுவதைப் பார்த்தால் பாதி வீட்டுக்காரி செய்ததாக இருக்கும். வீட்டுக்கு நாலு பேரைக் கூட்டிவந்து 'இருந்து சாப்பிட்டுப் போங்க' என்கிறீர்கள். உங்களுக்கு அது ஒரு வார்த்தை, அவருக்கு இரண்டு மணி நேரம் அடுப்படி. 'நமக்கே இல்லை' என்று அவர் சொன்னது காசை மட்டும்தானா என்று ஒருநாள் நிதானமாகக் கேட்டுப் பாருங்கள். கணவர் ஐந்து மாசமாக வீட்டுக்குள்ளேயே ஒளிந்துகொண்டிருக்க, வாசலில் நின்று பொய் சொல்ல வேண்டியிருந்தவர் அவர். நீங்கள் கொடுக்கிற இரண்டு மணி நேரம் உங்களுடையதாக இருக்கட்டும். அதிலும் முதல் வாரத்து இரண்டு மணி நேரத்தை அவருக்குக் கொடுத்துப் பார்க்கலாம், தண்ணீர்க் குடம் அவரேதான் தூக்குகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

கடைசியாக நண்பர். அவர் பலகாரம் கொண்டுவந்தார் என்பதை மறுபடி யோசியுங்கள். மகள் கல்யாணத்துக்கு வராத ஆள்மேல் கோபம் இருந்தால் யாரும் தூக்கு எடுத்துக்கொண்டு வெயிலில் வரமாட்டார்கள். அவர் கொடுக்க வந்தார். நீங்கள் வாங்கிக்கொள்ளவில்லை. பதினெட்டு வருஷம் கொடுத்தவருக்கு வாங்குவது கஷ்டம்தான். ஆனால் அத்தனை வருஷம் உங்கள் கையிலிருந்து வாங்கியவர்கள் எல்லோரும் அந்தக் கஷ்டத்தைப் பட்டுத்தான் உங்களைக் கொடுக்க விட்டார்கள்.

தூக்கு இன்னும் உங்கள் வீட்டு அடுக்களை மாடத்தில்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லதாகப் போயிற்று. நாளைக் காலையில் கழுவி எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரும் வழக்கம் நம்மிடம் இல்லை. கொல்லையில் முருங்கை நிற்கிறதாமே, ரெண்டு கைப்பிடி கீரை உருவிப் போட்டுக்கொண்டு, அவர் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் போய்விடுங்கள். கல்யாணம் எப்படி நடந்தது, பொண்ணு எப்படி இருக்கிறாள் என்று கேளுங்கள். மொய் விஷயத்தை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். 'அன்னைக்கு நான் வந்தப்ப வீட்டுலதான் இருந்தீங்களா?' என்று அவர் கேட்டால், இருந்தேன் என்று சொல்லுங்கள்.